பூசணியின் இரண்டாம் இருக்கை

1987 மார்ச் 3 — பழைய டீசல் எஞ்சின், நான்கு சிலிண்டர், ஒன்று: 9,500
மார்ச் 19 — ஆக்சிஜன் உருளை, ஆறு: 1,320
ஏப்ரல் 2 — ஆர்கான் உருளை, இரண்டு: 2,960
ஏப்ரல் 2 — மேற்படி உருளைகளுக்கு வண்டிக் கூலி: 85
மே 25 — சோடா இயந்திரத்து நாசில், பழையது, பதினெட்டு: இலவசம்
ஜூன் 8 — இனிப்பு, இரண்டு கிலோ: 64
ஜூலை 14 — கடப்பாரை, ஒன்று: 60
ஜூலை 27 — ஆர்கான் உருளை, மேலும் ஒன்று: 1,480

துறைமுகப் பட்டறையில் ஒரே ஒரு எஞ்சினுக்காக ஆன செலவு இது. அதைக் கட்டி மேய்த்தவர் டீசலம்மா. பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பெயரைக் கூப்பிடும்போது அவரே ஒரு நொடி யாரென்று திரும்பிப் பார்ப்பார்.

அவருடைய அப்பா படகு எஞ்சின் மெக்கானிக். எஞ்சினைக் கழற்றும்போது நட்டு ஏதாவது கை தவறிப் படகின் அடிவயிற்றில் விழுந்துவிடும். பெரியவர்கள் நுழைய முடியாத இடுக்கு அது. அப்பா மகளின் இரண்டு கணுக்கால்களையும் பிடித்துத் தலைகீழாக உள்ளே இறக்குவார். அவள் இருட்டில் எண்ணெய்த் தண்ணீரைத் துழாவி, நட்டை எடுத்துப் பல்லில் கடித்துக்கொண்டு, காலை உதறுவாள். மேலே தூக்கு என்பதற்கு அதுதான் அடையாளம். கொஞ்ச நாளில் வேலை முடிந்த பிறகும் காலை உதறாமல் கிடக்க ஆரம்பித்தாள். பலகைக்கு அந்தப் பக்கம் கடல் உரசிக்கொண்டு போகும் சத்தம் கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டே தொங்குவாள்.

"என்ன, உள்ளேயே குடித்தனம் பண்ணப் போறியா?" என்று அப்பா இழுத்துப் போடுவார்.

கடலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று முழுதாகப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை அப்படித்தான் தொற்றிக்கொண்டது. அம்மை வந்தால் போய்விடும். இது போகவில்லை.

வளர்ந்து துறைமுகப் பட்டறையில் டீசல் மெக்கானிக்காகச் சேர்ந்தார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஊருக்குள் ஒரு சோடா கம்பெனியிலிருந்து ஆள் வந்தது. கம்பெனி என்றால் ஒரு கூடம், ஒரு சோடா இயந்திரம், அதை ஓட்ட ஒரு சின்ன டீசல் எஞ்சின், அவ்வளவுதான். எஞ்சின் நின்றுவிட்டதாம். போய்ப் பார்த்தார். டீசல் குழாயில் ஒரு நட்டு தளர்ந்திருந்தது. இறுக்கிக் கொடுத்தார். முதலாளி இளைஞர், சோடா கொடுத்து உபசரித்தார். அடுத்த வாரமும் எஞ்சின் நின்றது. அதே நட்டு. அதற்கு அடுத்த வாரமும் அதே நட்டு. நான்காவது முறை டீசலம்மா நட்டை இறுக்கிவிட்டு, ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"இந்த நட்டை இனிமே விட்டுடுங்க, மரை தேஞ்சுடும். கேக்க வேண்டியதை வாயால கேளுங்க."

சோடாக்காரர் கையிலிருந்த பாட்டில் நழுவி உடைந்தது. கேட்டார். கல்யாணம் நடந்தது. அதற்குப் பிறகு அந்த எஞ்சின் பல வருஷம் ஒரு மக்கரும் பண்ணவில்லை.

பட்டறையில் பூசணி என்று ஒரு வண்டி இருந்தது. மஞ்சள் சாயம் பூசிய உருண்டையான இரும்புக் கூடு. உச்சியில் திருகி மூடும் மூடி, முன்னாலும் பக்கத்திலும் தடிமனான கண்ணாடி, அடியில் பட்டைச் சக்கரங்கள், உள்ளே இரண்டு இருக்கை. கடலின் தரையில் ஊர்ந்துபோய், துறை மேடையைத் தாங்கும் தூண்களில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பது அதன் வேலை. முன் இருக்கையில் ஓட்டுநர் உட்காருவார். அவரை எல்லோரும் மிதவை என்பார்கள். ஐம்பது வயது, தொப்பை, கடலில் தள்ளிவிட்டாலும் முங்காத உடம்பு. இரண்டாம் இருக்கையில் யாராவது அதிகாரி போவார். ஒருமுறை புகைப்படக்காரர் போனார். ஒருமுறை யாரோ ஒரு பெரிய அதிகாரியின் மைத்துனர், மீன் பார்க்க ஆசைப்பட்டு, போனார். டீசலம்மா அவர்கள் எல்லோருக்கும் வார் மாட்டிவிடுவார், மூடியைத் திருகுவார், இரண்டு தட்டு தட்டுவார். கிரேன் பூசணியைத் தூக்கித் தண்ணீரில் இறக்கும். அவர் மேடையிலேயே நிற்பார்.

பூசணி பேட்டரியில் ஓடியது. மூன்றாவது தூணைத் தொடுவதற்குள் பேட்டரி இறங்கிவிடும், திரும்பி வர வேண்டியதுதான். அதனால்தான் டீசல் எஞ்சின் வைக்கலாம் என்று தலைமைப் பொறியாளர் முடிவு செய்தார். அவருக்குப் பட்டறையில் விதியார் என்று பெயர். எதைச் சொன்னாலும் ஒரு விதி எண்ணோடுதான் சொல்வார். தும்மினால்கூட எண் இருக்கும் என்று மிதவை சொல்வார்.

டீசல் வந்தால் அதைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். டீசலம்மாவுக்கு மனசு தையல் இயந்திரம் போல அடித்துக்கொண்டது. மார்ச் மாதமே விண்ணப்பம் எழுதி, விதியார் மேசையில் வைத்தார்.

"இரண்டாம் இருக்கைக்கு நானா அனுமதி கொடுக்க முடியாதும்மா," என்றார் விதியார். "தலைமை அலுவலகம் எழுத்துல கொடுக்கணும். விதி பன்னிரண்டு."

"அனுப்புங்க ஐயா. ஜூலை கடைசியில எனக்கு ஓய்வு. அதுக்குள்ள வந்தா போதும்."

"வந்துரும்," என்றார் விதியார். தலைமை அலுவலகத்தைப் பற்றி ஒன்றும் தெரியாதவர் போலச் சொன்னார்.

அன்று சாப்பிடும்போது சோடாக்காரர் கேட்டார்: "கடலுக்கடியில ஏதும்மா காத்து? டீசல் எப்படி ஓடும்?"

"எஞ்சின் விடற புகையைப் பிடிச்சு, ஆற வச்சு, கடல் தண்ணியில கழுவணும். கழுவினா அதுல இருக்கற கரியமில வாயு தண்ணியில கரைஞ்சு போயிடும். மிச்சத்துல ஆக்சிஜன் கலந்து, திரும்ப எஞ்சின் வாயிலயே விடணும். தான் விட்ட மூச்சைத் தானே இழுத்துக்கும்."

"நம்ம எதிர்வீட்டுக்காரர் மாதிரின்னு சொல்லு. தான் சொன்ன ஜோக்குக்குத் தானே சிரிச்சுக்குவார்."

"அவர் நிறுத்தாம ஓடறார் இல்ல? அந்த மாதிரி இதுவும் ஓடணும்."

"ஓடட்டும். ஆனா நீ அதுக்குள்ள போகாதே."

"அனுமதி வந்தா போவேன்."

"வராது," என்றார் சோடாக்காரர் நிம்மதியாக. அரசாங்கத்தின் மேல் அவ்வளவு நம்பிக்கை.

எஞ்சின் ஓடத்தான் மாட்டேன் என்றது. கொட்டகையில் வைத்துச் சாதாரணக் காற்றில் கிளப்பினால் ஜம்மென்று ஓடும். நெம்புகோலைத் திருப்பி, வெளிக்காற்றை அடைத்து, அதன் புகையை அதற்கே கொடுத்தால் இரண்டு இருமல் இருமிவிட்டுச் செத்துப்போகும். காரணம் தெரிந்ததுதான். கரியமில வாயுவை எவ்வளவு அழுத்தினாலும் டீசல் பற்றிக்கொள்ளும் அளவுக்குச் சூடு ஏறாது. ஆர்கான் என்ற வாயு அதற்கு நேர்மாறு, அழுத்தியதும் சுள்ளென்று சூடேறும். அதைக் கலந்துகொடுத்தால் எஞ்சின் ஓடும். ஆனால் ஆர்கான் விலையைப் பார்த்து விதியார் உருளையின் மேல் பூட்டே போட்டுவிட்டார். "சொட்டுச் சொட்டா விடுங்கம்மா. தங்கம் அது."

புகையை நன்றாகக் கழுவினால் ஆர்கான் கொஞ்சம் போதும். டீசலம்மா ஒரு பெரிய பீப்பாய்க்குள் புகையை விட்டு, மேலேயிருந்து குழாயில் கடல் தண்ணீரைக் கொட்டிப் பார்த்தார். ஏப்ரல் முழுக்கக் கொட்டினார். மே மாதமும் கொட்டினார்.

ஒருநாள் மதியச் சாப்பாட்டைக் கொண்டுவந்த சோடாக்காரர் அந்தப் பீப்பாய்க்குள் எட்டிப் பார்த்தார். பார்த்தவர் சிரிக்க ஆரம்பித்தார். தூக்குப் பாத்திரம் கையில் ஆடியது.

"இதுக்குப் பேர் கழுவறதா? குளிக்க மாட்டேன்னு அழற பிள்ளை தலையில ரெண்டு கை தெளிக்கிற மாதிரி இருக்கு."

"ரொம்பத் தெரிஞ்சவர் மாதிரி பேசாதீங்க."

"ஏம்மா, எங்கப்பா காலத்துல இருந்து நான் வேற என்ன பண்றேன்? கரியமில வாயுவைத் தண்ணியில கரைக்கிறதுதானே என் பிழைப்பு! நீ பண்றது சோடா. உப்புத் தண்ணி சோடா. முப்பது வருஷமா சோடாக்காரனோட குடித்தனம் பண்ணிட்டு இது தெரியலையா?"

டீசலம்மா நெற்றியில் கிரீஸ் கையால் அடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். விதியார் சத்தம் கேட்டு வந்து, விஷயம் புரிந்து, எந்த விதியும் சொல்லாமல் அவரும் சிரித்தார்.

சோடாக்காரர் மூன்று விஷயம் சொன்னார். தண்ணீர் குளிர்ந்திருக்க வேண்டும். பீப்பாய்க்குள் அழுத்தம் இருக்க வேண்டும். தண்ணீர் கொட்டக் கூடாது, பனி போலத் தூவ வேண்டும். வீட்டுக்கு ஓடிப்போய்ப் பழைய இயந்திரத்தின் தண்ணீர் தூவும் நாசில்களைப் பையில் அள்ளிக்கொண்டு வந்தார். இருவரும் பீப்பாயை மாற்றிக் கட்டினார்கள். "அந்த ஸ்பேனரைக் கொடுங்க." "எது?" "கண்ணு முன்னால இருக்கு பாருங்க, அது." "கண்ணு முன்னால நீதான் இருக்கே." "போதும், ஆளுங்க இருக்காங்க." வேலை இப்படித்தான் நடந்தது.

ஜூன் எட்டாம் தேதி நெம்புகோலைத் திருப்பியபோது எஞ்சின் ஒருமுறை திக்கியது. பிறகு ஓடியது. அரை மணி ஓடியது. ஒரு மணி ஓடியது. பீப்பாயிலிருந்து வெளியே வந்த தண்ணீர் சீறிப் பொங்கியது. சோடாக்காரர் தொழில் புத்தியில் ஒரு குவளை பிடித்து வாயில் ஊற்றினார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து மிதவை தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எப்படி இருக்கு மாமா?"

"டீசல் சோடா," என்றார் அவர் துப்பிவிட்டு. "கேஸ் நல்லாத்தான் ஏறியிருக்கு. விக்கத்தான் முடியாது."

விதியார் ஸ்பேனரால் காலிப் பீப்பாயைத் தட்டினார். தட்டியது தாளமாக மாறியது. டீசலம்மாவும் சோடாக்காரரும் கையைக் கோத்துக்கொண்டு எஞ்சினைச் சுற்றி ஆடினார்கள். அந்தக் கொட்டகையில் அதற்கு முன்பு யாரும் ஆடியதில்லை. இனிப்பு வாங்கிவரச் சொல்லி விதியாரே பணம் கொடுத்தார். பிறகு அதைப் பட்டறைச் செலவில் எழுதினார்.

தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. விண்ணப்பதாரருக்குக் கண்பார்வை எப்படி என்று கேட்டிருந்தது. சான்றிதழ் போனது. இன்னொரு கடிதம் வந்தது. விண்ணப்பதாரருக்கு நீச்சல் தெரியுமா என்று கேட்டிருந்தது.

"பூசணிக்குள்ள எங்கய்யா நீச்சல் அடிக்கறது?" என்று மிதவை கேட்டார். ஆனாலும் சான்றிதழ் போனது.

ஜூலை பதினான்காம் தேதி பூசணியை முதல் முறையாக டீசலோடு கடலில் இறக்கினார்கள். உள்ளே ஆள் இல்லை. இருக்கைகளுக்குப் பின்னால் ஒரு தகரத் தடுப்பு, அதற்குப் பின்னால் எஞ்சின். மேடையில் வைத்துக் கிளப்பி, நெம்புகோலைத் திருப்பி, டீசலம்மா மூடியை இறுக்கி, இரண்டு தட்டு தட்டினார். கிரேன் இறக்கியது. கடலடி வண்டியிலிருந்து ஒரு குமிழிகூட மேலே வரக் கூடாது என்பது சோதனையின் நிபந்தனை. குமிழி வந்தால் எஞ்சின் தன் மூச்சைச் சரியாகக் கழுவவில்லை, அல்லது எங்கோ ஒழுகுகிறது என்று பொருள். விதியார் காலடியில் இருந்த தண்ணீரைத் தொலைநோக்கியால் பார்த்துக்கொண்டிருந்தார். சோடாக்காரர் ஒரு பெட்டி சோடாவோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு குமிழி வந்தது. பின்னால் ஒன்று. அப்புறம் மாலை கோத்தது போல வரிசையாக வந்தன.

"கழுவறது சரியில்ல!" என்றார் விதியார்.

சோடாக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. "என் நாசிலைக் குறை சொல்லாதீங்க. கரியமில வாயுவா இருந்தா இவ்வளவு தண்ணியைத் தாண்டி வர்றதுக்குள்ள பாதி கரைஞ்சு சின்னதாயிடும். இதுங்களைப் பாருங்க, குண்டு குண்டா வருது. இது கரையாத சரக்கு. வெறும் காத்து."

"உள்ள ஏதுய்யா காத்து? எல்லாம் அடைச்சிருக்கு!"

மேலேயிருந்தே மின்கம்பி வழியாக எஞ்சினை நிறுத்தி, பூசணியை மேலே தூக்கினார்கள். மூடியைத் திருகினால் திருகு கழன்றது, மூடி வரவில்லை. மிதவை அதைப் பிடித்துத் தொங்கினார். கால் இரண்டும் அந்தரத்தில் உதைத்தன, மூடி அசையவில்லை. ஒரு ஆள் ஓடிப்போய்க் கடைத்தெருவில் கடப்பாரை வாங்கி வந்தான். கடப்பாரை வளைந்ததுதான் மிச்சம். நாலு பேர் சேர்ந்து இழுத்தார்கள், ஐந்தாவதாக விதியார் நாலாவது ஆளின் இடுப்பைப் பிடித்து இழுத்தார். மேடை முழுக்கச் சிரிப்பு.

டீசலம்மா மட்டும் சிரிக்காமல் மூடியின் மேல் இருந்த சின்னக் குழாய்த் திருகைத் திறந்தார். விசில் அடித்தது. காற்று வெளியே வரவில்லை, உள்ளே போயிற்று. அவர் கையில் வைத்திருந்த எண்ணெய்த் துணியை இழுத்து அந்த ஓட்டை கவ்விக்கொண்டது. பூசணி மூச்சை இழுத்தது, இழுத்துக்கொண்டே இருந்தது. அந்தத் துணியைப் பார்த்துச் சோடாக்காரர் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். எல்லோருக்கும் முன்பாகச் சிரிப்பை நிறுத்தியவரும் அவர்தான்.

எஞ்சின் பூசணிக்குள் இருந்த காற்றைக் குடித்திருந்தது. ஆள் மூச்சுவிட வேண்டிய காற்று அது. அதில் எஞ்சினுக்கு வேண்டாத பங்குதான் கழுவிய தண்ணீரோடு குமிழியாக வெளியே வந்தது. உள்ளே வெற்றிடம் ஏற ஏற, வெளிக்காற்று மூடியை அமுக்கிப் பிடித்துக்கொண்டது.

டீசலம்மா உள்ளே இறங்கினார். நேராக எஞ்சினின் ஆயில் கம்பியிடம் போனார். ஆயில் அளவு பார்க்க உருவிப் பார்க்கும் கம்பி. அது ஒரு விரற்கடை தூக்கிக்கொண்டிருந்தது. படகு எஞ்சின்களில் அந்தக் கம்பியைக் கடைசி வரை அழுத்தினால் சூட்டில் இறுகி, பிறகு வராது. அதனால் அதைத் துடைத்துச் சொருகும்போது கொஞ்சம் விட்டுச் சொருகுவது அப்பாவிடமிருந்து வந்த பழக்கம். எஞ்சினின் அடிவயிற்றுக் காற்றை அதன் வாய்க்கே கொண்டுபோகும் ஒரு குழாய் இருந்தது. கம்பி தூக்கியிருந்த ஓட்டை வழியாகச் சுற்றியிருந்த காற்று அடிவயிற்றுக்குப் போய், அந்தக் குழாய் வழியாக வாய்க்குப் போயிருக்கிறது. கொட்டகையில் ஆடிய ஆட்டமெல்லாம் திருட்டுக் காற்றில் ஓடிய எஞ்சினுக்காக ஆடியது.

தலையை மட்டும் வெளியே நீட்டி அவர் சொன்னார்: "நான்தான். என் கைதான்."

யாரும் திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

வீட்டுக்கு வந்த சோடாக்காரர் ஏற்கெனவே கழுவி அடுக்கிய பாட்டில்களை இறக்கி மறுபடி கழுவினார். டீசலம்மா எதிரில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"உள்ள நீ இருந்திருந்தா?" என்றார் அவர் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே.

"இருந்திருந்தா முதல்ல காது அடைச்சிருக்கும். காது அடைச்சா எங்கயோ காத்து போகுதுன்னு தெரிஞ்சிருக்கும். எஞ்சினைத் தடவியிருப்பேன். கம்பியை அழுத்தியிருப்பேன்."

சோடாக்காரர் இன்னொரு பாட்டிலைக் கழுவினார். அதையே மறுபடி கழுவினார்.

"அப்ப, உள்ள ஆள் இல்லாம அனுப்பினதுதான் தப்புங்கறே."

"நான் சொல்லல. நீங்கதான் சொன்னீங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். தன் வாயாலேயே மாட்டிக்கொண்டது புரிந்தது. ஈரக் கையால் தலையில் அடித்துக்கொண்டார். முகத்தில் தண்ணீர் வழிந்தது. டீசலம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கப் பார்த்தார், முடியவில்லை. சோடாக்காரர் கையிலிருந்த பாட்டிலைக் குலுக்கி அவர் மேல் பீய்ச்சுவது போல மிரட்டினார். அது காலிப் பாட்டில்.

ஆயில் கம்பிக்கு மரை வெட்டி, திருகி இறுக்கும் தலை வைத்தார்கள். கொட்டகையில் ஓட்டிப் பார்த்தபோது எஞ்சின் இப்போது திருட முடியாமல் முனகியது. ஆர்கான் திருகைக் கால் சுற்று கூடத் திறந்ததும் சரியானது. குரல் மட்டும் மாறிவிட்டது, தொண்டை கட்டிய ஆள் பாடுவது போல. விதியார் புது உருளைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, தன் விரலையே ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

கடைசிச் சோதனை ஜூலை இருபத்தொன்பது என்று குறித்தார்கள். இந்த முறை ஆளோடு. கடிதம் வரவில்லை. இரண்டாம் இருக்கை காலியாகப் போகும் என்றார் விதியார். டீசலம்மா தலையாட்டினார். அவருக்கு வேலை இன்னும் இரண்டே நாள்.

மேடையில் பூசணி தயாராக நின்றது. மிதவை அதன் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஏறுய்யா," என்றார் விதியார்.

"மாட்டேன்."

"என்ன மாட்டேன்?"

"போன தடவை மூடியில தொங்கினவன் நான். அது எவ்வளவு இறுக்கமா இருந்துச்சுன்னு எனக்குத்தான் தெரியும். அந்தக் கம்பியைச் சொருகின கை எதுவோ அந்தக் கையும் என்கூட வரட்டும். அக்கா வந்தா நான் போறேன். இல்லன்னா நீங்க ஓட்டுங்க."

"விதி பன்னிரண்டு..."

"அதையும் உள்ள உட்கார வச்சு நீங்களே ஓட்டுங்க."

வேறு ஓட்டுநர் கிடையாது. தலைமை அலுவலகத்தில் கேட்டால் அவர்கள் ஓட்டுநருக்குக் கண்பார்வை எப்படி என்று கேட்பார்கள். விதியார் மேடையின் அந்த முனைக்கு நடந்தார், இந்த முனைக்கு நடந்தார். நின்றார்.

"ஆள் போகத்தான் அனுமதி வேணும்," என்றார் மெதுவாக. "சாமான் போக வேண்டாம். எஞ்சினோட உதிரிப் பாகம் கூடப் போறதுக்கு எந்த விதியும் தடை சொல்லல. அம்மா, தராசுல ஏறுங்க."

டீசலம்மா சாமான் தராசில் ஏறினார். முள் எகிறியது.

"பையில இருக்கற ஸ்பேனரை எல்லாம் எடுங்கம்மா."

"அது உதிரிப் பாகத்தோட உதிரிப் பாகம் ஐயா."

விதியார் எழுதினார்: உதிரிப் பாகம், ஒன்று, அறுபத்திரண்டு கிலோ. வாழ்க்கையில் முதல் குறும்பு அது. முடித்ததும் அவர் முகம் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட பையன் முகம் போல ஆகிவிட்டது.

"உடையற பொருள்னு எழுதலையா?" என்று சோடாக்காரர் கேட்டார்.

"உடையாது," என்றார் டீசலம்மா. ஏணியில் ஏறி, கால் முதலில் உள்ளே போக, இறங்கினார். கம்பியின் தலையைத் திருகி, மறுபடி திருகிப் பார்த்தார். இந்த முறை வேறு யாரோ மூடியை இறுக்கினார்கள். வெளியிலிருந்து இரண்டு தட்டு கேட்டது. அந்தச் சத்தம் உள்ளேயிருந்து இப்படிக் கேட்கும் என்று அவருக்குத் தெரியாது.

கண்ணாடியில் தண்ணீர் ஏறியது. மேடை, கிரேன், கணவரின் செருப்பு எல்லாம் நெளிந்து கலைந்து போயின. வெளிச்சம் வெள்ளையிலிருந்து பச்சை ஆனது. எஞ்சின் முதுகுக்குப் பின்னால் தொண்டை கட்டிய குரலில் பாடியது. காது அடைக்கவில்லை. டீசலம்மா குலுக்கித் திறந்த சோடா போல இருக்கையில் துள்ளினார்.

"அக்கா, சீட்டை உடைச்சிடாதீங்க," என்றார் மிதவை. "ஏன் இப்படிக் குதிக்கறீங்க?"

மேலேயிருந்து கம்பித் தொலைபேசியில் விதியார் கத்தினார்: "என்ன தெரியுது?"

"எல்லாம் தெரியுது ஐயா! தூண் தெரியுது. தூண் பூரா சிப்பி, சட்டை போட்ட மாதிரி இருக்கு. ஒரு மீன் என்னையே பார்க்குது. ஐயா, கீழ பட்டறையே கிடக்கு!"

"என்னது?"

"நாம கை தவற விட்ட சாமானெல்லாம் இங்கதான் கிடக்கு. ரெண்டு சுத்தியல், ஒரு வாளி, ஸ்பேனர் எண்ணவே முடியாது. ஐயா, உங்க டீ பிளாஸ்க் கிடக்கு! திருடிட்டார்னு மிதவையைத் திட்டினீங்களே, அந்தப் பச்சை பிளாஸ்க்!"

"கேட்டுக்குங்க ஐயா!" என்று மிதவை கத்தினார்.

மூன்றாவது தூணைத் தாண்டினார்கள். நான்காவதைத் தாண்டினார்கள். அங்கெல்லாம் அதற்கு முன்பு மிதவையே போனதில்லை. எஞ்சின் பாடிக்கொண்டே இருந்தது. டீசலம்மா ஒரு கையைப் பின்னாலிருந்த தகரத் தடுப்பின் மேலேயே வைத்திருந்தார், கண் மட்டும் கண்ணாடியில். நெற்றி கண்ணாடியில் முட்டி, மூச்சு பட்டு மங்கியது. துடைத்தார், மறுபடி முட்டினார்.

மேலே சோடாக்காரர் மேடையின் விளிம்பில் குந்தியிருந்தார். தண்ணீர் துணி விரித்தது போலக் கிடந்தது. பூசணி ஒரு குமிழியும் விடவில்லை. அதுதான் வெற்றி என்று அவருக்குத் தெரியும். ஆனால் வாழ்நாள் முழுக்கக் குமிழியைப் பார்த்துத்தான் உள்ளே உயிர் இருக்கிறதென்று நம்பிய மனிதர் அவர். சோடா என்றால் பொங்க வேண்டும். பொங்காவிட்டால் செத்துப்போன சோடா. பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்றும் வரவில்லை. எழுந்துபோய் விதியார் கையிலிருந்து தொலைபேசியைப் பிடுங்கினார்.

"ஏம்மா, இருக்கியா?"

"இருக்கேங்க. ஏன் கத்தறீங்க?"

"ஒரு குமிழிகூட வரல."

"வரக் கூடாதுன்னுதானே இவ்வளவு பாடு!"

"தெரியும். தெரிஞ்சாலும் கேக்கணும்னு தோணிச்சு. எப்படிம்மா இருக்கு?"

டீசலம்மா தொலைபேசியைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிப் பிடித்தார், கடல் அதில் கேட்கும் என்பது போல. மேலே சோடாக்காரருக்கு எஞ்சின் சத்தம்தான் கேட்டது. அவர் அதை முழுசாகக் கேட்டார்.

ஆறாவது தூண் வரை போய்த் திரும்பினார்கள். கிரேன் தூக்கியது. மூடியை விதியார் ஒற்றைக் கையால் திறந்தார். டீசலம்மா தலையை நீட்டினார். நெற்றியில் கண்ணாடியில் முட்டிய வட்டம் சிவப்பாக இருந்தது.

"இன்னொரு தடவை," என்றார்.

"முதல்ல இறங்கு," என்றார் சோடாக்காரர். ஏணியில் பாதி ஏறி நின்று, இறங்க இடம் விடாமல் மனைவியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டிருந்தார்.

விதியார் பேனாவைத் திறந்தார். உதிரிப் பாகம் ஒன்று, சேதமின்றித் திரும்பப் பெறப்பட்டது. அதற்குக் கீழே எடையும் எழுத வேண்டும் என்று தராசைக் காட்டினார். டீசலம்மா ஏறினார். ஸ்பேனர்களை எடுக்க மறந்திருந்தார், யாரும் சொல்லவில்லை.

அவர் ஜூலை 31 அன்று ஓய்வு பெற்றார். மறுநாளிலிருந்து சோடா கம்பெனியில் எஞ்சின் ஓட்டினார். அங்கே சில சமயம் ஒரு நட்டு மர்மமாகத் தளரும். அவர் இறுக்குவார், ஒன்றும் கேட்க மாட்டார். பூசணி அந்த டீசலில் ஒவ்வொரு தூணாகப் பார்த்து முடித்தது. இரண்டாம் இருக்கையில் புது மெக்கானிக் போனான். ஆயில் கம்பியை இறுக்கினாயா என்று மிதவை அவனை வாரத்துக்கு நாலு முறை கேட்டார். வீட்டில் சோடாக்காரர் மனைவியை உதிரிப் பாகம் என்று கூப்பிட ஆரம்பித்தார். வாடிக்கையாளர் முன்னால் கூப்பிட்டால் மட்டும் அடி விழும்.

தலைமை அலுவலகம் கடைசியாக எழுதியது. விண்ணப்பதாரரின் கண்பார்வையும் நீச்சலும் திருப்தியாக இருப்பதால், பணி ஓய்வுக்கு முன் ஒரே ஒரு முறை அவர் இரண்டாம் இருக்கையில் செல்ல அனுமதி அளிக்கப்படுகிறது என்றது கடிதம். விதியாரே அதை எடுத்துக்கொண்டு சோடா கம்பெனிக்கு வந்து, வாசலில் நின்று உரக்கப் படித்தார். மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டுக்காரர் என்ன ஜோக் என்று கேட்டு வந்துவிட்டார். அவருக்கு விளக்கிச் சொல்ல முடியவில்லை, ஆனாலும் அவரும் சேர்ந்து சிரித்தார். விதியார் கடிதத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் பெற்றுக்கொண்ட தேதியைப் போட்டார்: 1988 ஜனவரி 11.